கேட்பதே தூண்டிவிடுமோ?

கேள்வி: 28 வயதான என் தம்பிக்கு இருதுருவ மனநோய் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றதால் மனநலப் பிரிவில் சேர்த்திருந்தோம். சென்ற வாரம் வீடு திரும்பினான். நன்றாகத்தான் பேசுகிறான். அந்த எண்ணம் இன்னும் இருக்கிறதா என்று கேட்க எங்களுக்குப் பயமாக இருக்கிறது. கேட்பதே நினைவூட்டிவிடாதா, டாக்டர்?

பதில்: சுற்றி வளைக்காமல் கேளுங்கள். நேரடியாகக் கேட்பதால் தற்கொலை எண்ணம் புதிதாக முளைப்பதோ வலுப்பதோ இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ‘அப்படியெல்லாம் நினைக்க மாட்டாய்தானே?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல அவருக்கு வழியிருக்காது. ‘செத்துவிடலாம் என்று இப்போதும் தோன்றுகிறதா? எந்த நேரத்தில் அதிகமாகத் தோன்றுகிறது?’ என்று கேட்டுவிட்டு, அறிவுரை சொல்லாமல், குடும்ப மானத்தை இழுக்காமல், அவர் சொல்லி முடிக்கும்வரை காதுகொடுங்கள். திட்டமும் இருப்பதாகச் சொன்னால், தனியே விடாமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் சத்தியமே வாங்கியிருந்தாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

வீடு திரும்பியதோடு கண்டம் கழிந்தது என்று குடும்பத்தார் நினைப்பது இயல்பு. உண்மையில், மனநலப் பிரிவிலிருந்து வந்த முதல் வாரமும் அதைத் தொடரும் சுமார் 3 மாதங்களுமே அபாயம் மிகுந்த காலம். இரவும் பகலும் இருந்த கண்காணிப்பு ஒரே நாளில் நின்றுவிடுகிறது. அவரை நெருக்கிய கடனோ பிரிவோ அப்படியே இருக்கிறது. நோயும் முழுதாகத் தணிந்திருக்காது. ஆகவே ஒரு வாரத்துக்குள் மருத்துவரை மறுபடி பார்த்துவிடுங்கள். மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வைத்து வேளைக்கு வேளை கொடுங்கள். உயிருக்கு ஆபத்தானவற்றைச் சில மாதங்களுக்காவது வீட்டிலிருந்து அகற்றுங்கள். ‘நினைத்தவன் எப்படியும் செய்துவிடுவான்’ என்று உறவினர் சொல்வார்கள், அது சரியன்று. அந்த உந்துதல் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது என்பதால், கைக்கெட்டாமல் வைப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

மனம் தெளிந்த ஒரு வேளையில், எந்த அறிகுறி முதலில் தலைகாட்டும், அப்போது என்ன செய்தால் ஆறுதல் கிடைக்கும், யாரை அழைப்பது என்பவற்றை அவர் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதச் செய்யுங்கள். இத்தகைய பாதுகாப்புத் திட்டத்தோடு தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தபோது, அடுத்த 6 மாதங்களில் தற்கொலை முயற்சி போன்ற நடத்தைகள் ஏறத்தாழப் பாதியாக இருந்ததை 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

கேள்வி: மனச்சிதைவு நோயுள்ள என் கணவர் இருமுறை தற்கொலைக்கு முயன்றிருக்கிறார். இதற்கென்று மருந்து உண்டா?

பதில்: உண்டு. மனச்சிதைவு நோயாளிகளிடம் தற்கொலை முயற்சிகளைக் குறைப்பதற்கென்று க்ளோசபின் மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002இல் ஒப்புதல் அளித்தது. இரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், குறிப்பாகத் தொடக்க மாதங்களில் இரத்தப் பரிசோதனை தவறக் கூடாது; அந்த அலைச்சலுக்காகவே இதைத் தவிர்ப்போர் உண்டு என்பது வருத்தத்துக்குரியது. உங்கள் கணவருக்கு இது பொருந்துமா என்று அவருடைய மருத்துவரிடம் நீங்களே பேச்செடுங்கள். முந்தைய இரு முயற்சிகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.