ஆறு மாதம் தாண்டிவிட்டால் சலான் தானாகச் செத்துவிடுமா?

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறேன். 2022 நவம்பருக்கும் 2024 மார்ச்சுக்கும் நடுவில் என் பைக் மீது நான்கு இ-சலான்கள் விழுந்திருக்கின்றன. மூன்று ஹெல்மெட் போடாததற்கு; அவை என் தவறுதான். நான்காவது, திருச்சியில் சிவப்பு சிக்னலைத் தாண்டியதாக. நானும் வண்டியும் அன்று சென்னையில்தான் இருந்தோம். போன மாதம் பைக்கை உடன் வேலை செய்பவருக்கு விற்றுப் பணமும் வாங்கிவிட்டேன். சலானை முடித்தால்தான் பெயர் மாற்றம் என்கிறார்கள் ஆர்டிஓ அலுவலகத்தில். ஆறு மாதம் ஆனால் சலான் செல்லாது, கட்டாதே என்கிறார் நண்பர். கட்டாவிட்டால் கைது செய்வார்களா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. ஆறு மாதக் கணக்கு சட்டத்தில் உண்டு. ஆனால் அது காவல்துறை நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதற்கான கெடு. வழக்கு கெடுவுக்குள் தாக்கலாகிவிட்டால், அது எத்தனை வருடம் கிடப்பில் இருந்தாலும் உயிரோடுதான் இருக்கும். நீதிபதி எப்போது கோப்பில் எடுத்தார் என்பதை வைத்துக் கணக்கிடக் கூடாது, தாக்கல் செய்த நாள்தான் கணக்கு என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013-லேயே சொல்லிவிட்டது.

அந்தக் கெடுவும் எல்லாக் குற்றத்துக்கும் ஒன்றல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 514ஆம் பிரிவு, இரண்டும் ஒரே கணக்குதான். அபராதம் மட்டுமே தண்டனை என்றால் ஆறு மாதம். ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு. மூன்றாண்டு வரை என்றால் மூன்றாண்டு. ஹெல்மெட் வழக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில் வரும். ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு, சிறை கிடையாது. அதற்கு ஆறு மாதம். சிக்னல் தாண்டுவதை 2019 திருத்தம் 184ஆம் பிரிவின் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்துவிட்டது. முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை என்று இருப்பதால் கெடுவும் ஓராண்டு. என்னிடம் வருகிற பலர் சலானில் தேதியைப் பார்க்கிறார்கள், தொகையைப் பார்க்கிறார்கள், பிரிவைப் பார்ப்பதே இல்லை. அதை முதலில் பாருங்கள்.

கெடு தாண்டிய பிறகு தாக்கலான வழக்கு என்றாலும் சலான் தானாக மறையாது. காலம் கடந்த வழக்கு என்று நீங்கள்தான் நீதிமன்றத்தில் மனு போட்டுச் சொல்ல வேண்டும். தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் மன்னிக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அப்புறம், உத்தரப் பிரதேசத்தில் 2017 முதல் 2021 வரையான சலான்களை ரத்து செய்த செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது அந்த மாநில அரசின் முடிவு. தமிழ்நாட்டு சலானுக்குப் பொருந்தாது.

கைது பற்றி: ஆன்லைனில் சலான் பாக்கி இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் வீட்டுக்கு வந்து பிடிக்க மாட்டார்கள். நீதிமன்ற சம்மன் வந்த பிறகு போகாமல் இருப்பதுதான் ஆபத்து. அதற்குப் பிடிவாரண்ட் வரலாம்.

சரி, என்ன செய்யலாம்? மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஒவ்வொன்றும் காவல்துறையிடம் இருக்கிறதா, மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (சலான் வழக்குகளை ஆன்லைனிலேயே பார்க்கும் நீதிமன்றம்) போய்விட்டதா என்று பாருங்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும் லிங்க் வழியாகப் போகாதீர்கள், போலிகள் அதிகம். ஹெல்மெட் சலான் மூன்றையும் கட்டிவிடுவதே நல்லது. மூவாயிரம் ரூபாய்க்காகக் காலவரம்பு வாதம் செய்து வாய்தாவுக்கு அலைந்தால் பெயர் மாற்றம் அதுவரை நிற்கும். செய்த தவறு என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

திருச்சி சலானைக் கட்டாதீர்கள். தொல்லை விட்டது என்று பலரும் கட்டிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி முடித்துக்கொண்டாலும் அது முதல் குற்றமாகவே கணக்கில் நிற்கும். மூன்றாண்டுக்குள் இன்னொரு சிக்னல் வழக்கு வந்தால் உங்களுக்கு அது இரண்டாவது. சிறை இரண்டு ஆண்டு வரை போகலாம். கேமரா சலான் என்றால் நம்பர் பிளேட் தெரியும் படம், இடம், தேதி, நேரம் எல்லாம் இருக்க வேண்டும், குற்றம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ. படத்தில் வண்டியின் நிறம், மாடல் வேறாக இருந்தால் வேலை பாதி முடிந்தது. அன்றைய அலுவலக வருகைப் பதிவையும் சேர்த்து சலான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மெய்நிகர் நீதிமன்றத்தில் இருந்தால், வழக்கை எதிர்க்கிறேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். உங்கள் எண்ணை வேறு வண்டியில் யாரோ ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தால் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, வண்டி இப்போது வேறொருவர் கையில் இருப்பது. ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் தெளிவாகச் சொன்னது. நாளை வண்டியை வாங்கியவர் யாரையாவது இடித்துவிட்டால் இழப்பீட்டு வழக்கில் உங்கள் பெயரும் வரும். விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50ஆம் பிரிவு. அந்தக் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐ இன்றே நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதி வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பெயர் மாறும்வரை வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.