தங்கச்சிக்கு ஆபரேஷன், கூட இருக்கப்போறது நான்: கேள்வி பதில்

புற்றுநோய் ஆபரேஷன் முடிந்த அக்கா, தங்கை, அண்ணன், தம்பியைக் கூட இருந்து பார்த்துக்கொள்பவர்கள் கேட்ட கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் இருப்பது கேட்டவரின் ஊர். பதில் சொல்பவர் அறுவை சிகிச்சை வார்டில் பணிபுரியும் செவிலியர்.

தங்கச்சிமடம்: சிஸ்டர், தங்கச்சிக்கு மார்பை எடுத்து, அக்குள் நெறிக்கட்டியும் எடுத்தாச்சு. நாளைக்கு டியூபோட வீட்டுக்கு அனுப்புறாங்க. அக்கா நான்தான் பார்க்கணும். என்ன செய்யணும்?

கிளம்புறதுக்கு முன்னாடி, நர்ஸ் பக்கத்துல நிக்க, டியூப் முனையில புண்ணோட நீரை உறிஞ்சுற டப்பாவை உங்க கையாலேயே ஒரு தடவை காலி பண்ணிப் பழகுங்க. பார்த்தா மட்டும் பத்தாது.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. டியூப் கிளிப்பை மூடுங்க. டப்பா மூடியைத் திறந்து அளவு குவளையில ஊத்துங்க. டப்பாவைத் தரையில வச்சு நல்லா அமுக்குங்க. அமுக்கின கை அப்படியே இருக்க மூடியைப் போட்டு, அப்புறம் கிளிப்பைத் திறங்க. டப்பா அமுங்கியே இருந்தா உறிஞ்சுதுன்னு அர்த்தம். உள்ள நீரே இல்லாம உப்பி நின்னா எங்கேயோ காத்து நுழையுது. மூடி சரியா இல்லாம இருக்கலாம், இல்லைன்னா தோல் பக்கம் டியூப் நகர்ந்திருக்கலாம். மறுபடி அமுக்கிப் பாருங்க. திரும்பவும் உப்பினா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. உறிஞ்சலைன்னா தோலுக்கு அடியில நீர் தேங்கும், தோல் நெஞ்சோட ஒட்டாது.

டியூப்ல ரத்தக்கட்டி நின்னா, ஒரு கையால தோல் பக்கத்துல டியூபை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கை விரலால டப்பாவை நோக்கி வழிச்சு விடுங்க. முதல் கை பிடிக்கலைன்னா டியூப் வெளியே வந்துடும்.

காலை 6, மாலை 6, ரெண்டு வேளையும் நோட்டுல எழுதுங்க: தேதி, நேரம், எத்தனை மி.லி., என்ன நிறம். சிவப்புல ஆரம்பிச்சு, ரோஸ் ஆகி, வைக்கோல் மஞ்சளுக்கு வரணும். 24 மணி நேர மொத்தம் 30 மி.லி.க்குக் கீழே ரெண்டு நாள் தொடர்ந்து வந்தா வழக்கமா டியூபை எடுப்பாங்க. மஞ்சளா வந்தது திடீர்னு சிவப்பா புது ரத்தமா மாறினா, ஒரு மணி நேரத்துல டப்பா நிறைஞ்சா, கலங்கி நாத்தம் அடிச்சா, காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினா விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

முன்பக்கம் பட்டன் வச்ச நைட்டி ரெண்டு வாங்குங்க. டப்பாவைத் துணிப்பையில போட்டு இடுப்புல கட்டுங்க. தொங்க விட்டா தையல் இழுக்கும்.

கீழக்கரை: லாத்தாவுக்கு (அக்காவுக்கு) ரெண்டு யூனிட் ரத்தம் கேக்குறாங்க. எனக்கும் அதே குரூப்தான். என் ரத்தத்தையே ஏத்தச் சொல்லலாமா?

வேண்டாம் தம்பி. ரத்த வங்கிக்கு உங்க ரத்தத்தைக் கொடுங்க, லாத்தாவுக்கு வேற ஆளோட ரத்தம் ஏறட்டும். கூடப்பிறந்தவங்க ரத்தத்துல உள்ள வெள்ளை அணுக்களை நோயாளியோட உடம்பு அந்நியம்னு கண்டுபிடிக்காம விட்டுடலாம். அந்த அணுக்கள் பெருகி அவங்க உடம்பையே தாக்கும். அபூர்வம்தான், ஆனா வந்தா பெரும்பாலும் உயிர் தங்காது. கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்னா அந்தப் பயம் இல்லை, அந்த வசதி எல்லா இடத்துலயும் கிடையாது. நீங்க கடைசியா ரத்தம் கொடுத்து 3 மாசம் ஆகியிருக்கணும், எடை 45 கிலோவாவது இருக்கணும்.

மண்டபம்: அக்காவுக்குத் தையல் பிரிக்கிற வரைக்கும் மீன் தரக்கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. வெறும் ரசஞ்சோறும் ரொட்டியும்தான் நடக்குது. சரியா?

சரியில்லை. புண் ஆறுறதுக்குப் புரதம் வேணும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம். அக்கா 50 கிலோன்னா 60 முதல் 75 கிராம். ரசஞ்சோறுல 20 கிராம் தேறுறதே கஷ்டம். நூறு கிராம் மீன்ல 18, 20 கிராம் இருக்கு. முட்டைக்கு 6, ஒரு டம்ளர் பாலுக்கு 6. மதியம் ரெண்டு துண்டு விளமீனோ பாறை மீனோ குழம்புல போட்டு, காலையில ஒண்ணும் ராத்திரி ஒண்ணுமா அவிச்ச முட்டை, ரெண்டு டம்ளர் பால், ஒரு கரண்டி பருப்பு. அளவு வந்துடும். மீன் உங்க வாசல்ல வந்து இறங்குது, அதை விட்டுட்டு புரோட்டீன் பவுடருக்குக் காசைக் கொட்டாதீங்க.

தொண்டி: மன்னிக்கணும் சிஸ்டர், இதை ஒத்துக்க முடியாது. சூரை, திருக்கை தின்னு உடம்பெல்லாம் தடிச்சுப் போனவங்களை நாங்க பார்த்திருக்கோம். இப்படித் தடிக்க வைக்கிற கரப்பான் மீன் பச்சைப் புண்ணுக்கு ஆகாது.

தடிக்கிறது உண்மைதான். நீங்க பார்த்ததை நான் மறுக்கலை, காரணத்தைச் சொல்றேன். சூரை, அயிலை மாதிரி மீனை ஐஸ் இல்லாம வெயில்ல போட்டு வச்சா சதையில ஹிஸ்டமின் ஊறும். கொதிக்க வச்சாலும் போகாது. அதைத் தின்னா முகம் சிவக்கும், தடிக்கும், அரிக்கும். குற்றம் மீன் கெட்டதுல. அன்னைக்கு வந்த மீனை ஐஸ்ல வச்சு வாங்கிச் சமைச்சா அது வராது.

சாயல்குடி: அப்போ சீழ் ஏன் பிடிக்குது? எங்க பக்கம் பிள்ளை பெத்தவளுக்குச் சுறாப்புட்டுத் தருவோம், ஆபரேஷன் பண்ணினவங்களுக்குத் தர மாட்டோம். பெரியவங்க காரணம் இல்லாமலா சொன்னாங்க?

சிசேரியனும் வயித்துல போட்ட தையல்தானே, அவங்களுக்குத் தர்றீங்க. சீழ் கிருமியால வருது. கிருமிக்கு இடம் கொடுக்கிறது ஏறின சர்க்கரை, பீடி, தோலுக்கு அடியில தேங்கின நீர், கழுவாத கை. அக்காவுக்குச் சர்க்கரை இருந்தா 180-க்குள்ள நிக்குதான்னு பார்த்து நோட்டுல எழுதுங்க. பத்தியத்துல ரெண்டை நான் ஒத்துக்குறேன்: முன்னாடியே இறாலோ நண்டோ ஒத்துக்காதவங்க இப்பவும் தொடக்கூடாது. கருவாட்டுல உப்பு அதிகம், பிரஷர்காரங்களுக்கு வேண்டாம்.

முட்டை சூடு இல்லையா? / பருப்பு சீழ் வைக்கும்னு சொல்றாங்களே? / பால் தரலாமா?

மூணு பேருக்கும் ஒரே பதில்: தரலாம். மண்டபம் கேள்விக்கான பதிலைப் படிங்க. இனிமே பத்தியக் கேள்வி எடுக்க மாட்டேன், டியூபோட காத்திருக்கவங்க இருக்காங்க.

பாம்பன்: அண்ணனுக்கு வாய்ல ஆபரேஷன். மூக்கு டியூப் வழியா சாப்பாடு. எவ்வளவு, எப்படி?

மூக்கு ஓரத்துல டியூப்ல ஒரு மார்க் போட்டுக்குங்க. ஒவ்வொரு தடவையும் மார்க் அங்கேயே இருக்கான்னு பார்த்துட்டுத்தான் ஊத்தணும். அண்ணன் தலையணை வச்சு நல்லா நிமிர்ந்து சாஞ்சிருக்கணும், முடிஞ்சும் ஒரு மணி நேரம் அப்படியே. முதல்ல 30 மி.லி. கொதிச்சு ஆறின தண்ணி. அப்புறம் சிரிஞ்சு பிஸ்டனைக் கழட்டிட்டு, 200 மி.லி. தானா இறங்குற மாதிரி 15, 20 நிமிஷத்துல ஊத்துங்க. அழுத்தித் தள்ளாதீங்க, வாந்தி வரும், நுரையீரலுக்குள்ள போகும். முடிவுல மறுபடி 30 மி.லி. தண்ணி. பகல்ல ரெண்டு ரெண்டரை மணிக்கு ஒரு தடவை. சத்துமாவுக் கஞ்சி, பால், மீனையும் பருப்பையும் வேக வச்சு மிக்ஸியில அடிச்சது, எல்லாத்தையும் மெல்லிசு சல்லடையில ரெண்டு தடவை வடிகட்டணும். ஒரு சின்ன முள் போதும், டியூப் அடைக்க. அடைச்சா வெதுவெதுப்பான தண்ணியை மெதுவா உள்ளே வெளியே இழுத்துப் பாருங்க, கம்பி விடக்கூடாது. மாத்திரையைப் பொடிக்கலாமான்னு கேட்டுட்டுப் பொடிங்க, சிலதைப் பொடிக்கக் கூடாது. டியூப் கழண்டு வந்தா நீங்க திருப்பிச் சொருகாதீங்க, உள்ளே தையல் இருக்கு. எத்தனை மணிக்கு எவ்வளவு போச்சுன்னு எழுதுங்க.

ராமேஸ்வரம்: நல்லபடியா முடிஞ்சா 22 தீர்த்தமும் ஆடுறதா வேண்டுதல். தம்பியை எப்போ கூட்டிட்டுப் போகலாம்?

டியூப், தையல் எதுவும் இல்லாம, புண் முழுசா மூடி, சர்ஜன் பார்த்துச் சரின்னு சொன்ன பிறகு. அதுவரைக்கும் தீர்த்தத்தைத் தலையில தெளிச்சு விடுங்க. அக்னி தீர்த்தக் கடலும் அப்படித்தான்.

பெரியபட்டினம்: தங்கச்சி கடல்பாசி எடுக்கப் போறவ. அக்குள் நெறிக்கட்டி எடுத்திருக்கு. எப்போ கடலுக்குப் போகலாம்?

நெறிக்கட்டி எடுத்த பக்கம் நீர் வடியுற பாதை குறைஞ்சு போச்சு. அந்தக் கையில சின்னக் கீறல்ல கிருமி நுழைஞ்சாலும் சீக்கிரம் பரவும், கை வீங்கினா அந்த வீக்கம் நிலைச்சுடலாம். பாசிப் பாறை, மீன் முள், வலைக் கண்ணி மூணும் உங்க ஊர்ல தினசரி வேலை, அதனால இதை அழுத்திச் சொல்றேன். விரல்ல துணி சுத்திக்கிட்டா பத்தாது, தடிச்ச ரப்பர் கையுறை வேணும். மீன் கழுவும்போதும்தான். குத்திட்டா உடனே நல்ல தண்ணியும் சோப்பும் போட்டுக் கழுவி மருந்து போடுங்க. சிவப்பு படர்ந்து காய்ச்சல் வந்தா அன்னைக்கே டாக்டர்.

முதல் நாள்லேர்ந்து உள்ளங்கையை மூடித் திறக்கணும், முழங்கையை மடக்கி நீட்டணும். டியூப் இருக்குற வரைக்கும் கை தோள் உயரத்துக்கு மேலே போக வேண்டாம். எடுத்த பிறகு சுவத்துல விரலால ஏறி, எட்டின இடத்துல கரிக்கோடு போடுங்க, கோடு மேலே மேலே போகணும். வலிக்குதுன்னு கையை மடியிலேயே வச்சுக்க விட்டா தோள் இறுகிடும். ஆறு வாரம் தண்ணிக் குடம் தூக்கக் கூடாது, நிறைகுடம் 15 கிலோ வரும். மாசம் ஒரு தடவை முழங்கைக்கு 10 செ.மீ. மேலேயும் கீழேயும் டேப்பால ரெண்டு கையையும் அளந்து எழுதுங்க. 2 செ.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா காட்டுங்க. கடலுக்கு எப்போன்னு புண்ணையும் தோளையும் பார்த்து சர்ஜன்தான் சொல்லணும்; கதிர்வீச்சு பாக்கி இருந்தா அதுவும் முடியணும்.

தங்கச்சிமடம் (மறுபடி): வேற ஒருத்தருக்காகக் கேக்குறேன். நாள் மொத்தம் 35, 28, 40-ன்னு வருது. எடுக்கச் சொல்லலாமா?

இல்லை. 28 ஒரு நாள்தான் வந்திருக்கு. 40 வந்த அன்னைக்கு மாவாட்டினாங்களா, துணி பிழிஞ்சாங்களான்னு கேளுங்க. அந்தக் கைக்கு வேலை கொடுத்தா அளவு ஏறும்.

ஏர்வாடி: அக்காவை என் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில சேர்க்கலாமா?

முடியாது. குடும்பம்னா அட்டைதாரர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவங்களை நம்பியிருக்கிற பெத்தவங்க. அக்காவோட குடும்ப அட்டையில, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ளன்னு சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துல பதியுங்க. ஆபரேஷன் தேதிக்கு முன்னாடியே செய்யுங்க. மதுரைக்கோ சென்னைக்கோ ரயில்ல போறப்போ புற்றுநோய்ச் சலுகைப் படிவத்துல டாக்டர் கையெழுத்து வாங்கிக்குங்க. ஸ்லீப்பர்ல நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை, கூடப் போற ஒருத்தருக்கு 75 சதவீதம்.

முள்சீத்தா இலைக் கஷாயம்?

கொடுக்காதீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஏதாவது கொடுத்திருந்தா மயக்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

கீமோ மருந்து அளவு கூடுதலா இருக்குமோன்னு...

உங்க புற்றுநோய் டாக்டர்கிட்ட கேளுங்க. பயாப்ஸி ரிப்போர்ட்டோட ஒரு நகலை உங்க கைல வச்சுக்கிட்டுப் போங்க.

தேவிபட்டினம்: அக்காவுக்கு 38 வயசுல மார்புப் புற்று. எனக்கு 33. நானும் பார்க்கணுமா?

பார்க்கணும்மா. 30 தாண்டின பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மார்பும் கர்ப்பப்பை வாயும் இலவசமா சோதிக்கிறாங்க. உங்களுக்கு அது மட்டும் போதாது. அக்காவுக்கு இளவயசுல வந்திருக்குறதால மரபணுச் சோதனை வேணுமான்னு அவங்க டாக்டர்கிட்ட கேளுங்க. சோதனை முதல்ல அக்காவுக்கு. அவங்களுக்கு மாற்றம் இருந்து, அது அம்மா, அப்பா ஒருத்தர்கிட்டேர்ந்து வந்ததா இருந்தா, உங்களுக்கு இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அண்ணன் தம்பிக்கும் அதேதான், அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.