சாப்பிட்டால் வலி, குப்புறப் படுத்தால் தேவலை

கேள்வி: நாங்கள் தறி ஓட்டுகிறோம் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு வயது 46. பல வருடமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். போன வருடம் சர்க்கரை தாறுமாறாக ஏறி, 63 கிலோ இருந்தவர் 48க்கு வந்துவிட்டார். இப்போது நாலு வாய் சாப்பிட்டாலே மேல்வயிறு உப்பி வலிக்கிறது, பச்சையாக வாந்தி எடுக்கிறார். குப்புறப் படுத்தால் கொஞ்சம் தேவலை. சர்க்கரையால் வந்த இரைப்பை மந்தம் என்று மாத்திரை தந்தார்கள், கேட்கவில்லை. ஸ்கேனில் ரத்தக்குழாய் குடலை அழுத்துவதாக வந்திருக்கிறதுங்க. ரத்தக்குழாய் அடைப்பா? ஆபரேஷன்தான் வழியா?
- வாசகி, பல்லடம்

பதில்: இது ரத்தக்குழாய் அடைப்பு இல்லை அம்மணி. நசுங்குவது குடல். இதயத்திலிருந்து வரும் முக்கிய ரத்தக்குழாயான மகாதமனியிலிருந்து குடலுக்குப் பிரியும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று சாய்வாகக் கீழே இறங்குகிறது. அதற்கும் மகாதமனிக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான், சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடல் குறுக்கே போகிறது. அங்கே மெத்தை போலிருக்கும் கொழுப்பு, உடம்பு வேகமாக இளைத்தால் கரைந்துவிடும். வழக்கமாக 10 முதல் 28 மில்லிமீட்டர் வரை இருக்கும் இடைவெளி 8க்கும் கீழே சுருங்கும். 1927இல் வில்கி என்ற அறுவை மருத்துவர் இந்த நோய் வந்த 75 பேரைப் பற்றி எழுதியதால் இதை வில்கி நோய் என்றும் சொல்வோம். அபூர்வமானதுதான்.

சர்க்கரை நேரடிக் காரணம் இல்லை, உடம்பை இளைக்க வைத்தது அது. இரைப்பை மெதுவாக வேலை செய்யும் இரைப்பை மந்தத்திலும் வயிறு உப்பும், வாந்தி வரும். அதனால் சர்க்கரைக்காரர் வாந்தி என்றாலே மந்தம் என்று எழுதிவிடுகிறார்கள். பச்சை வாந்தியும், குப்புறப் படுத்தால் தணிவதும்தான் இங்கே துப்பு. மந்தமும் இந்த நோயும் சேர்ந்தும் இருக்கலாம்.

ஆபரேஷனுக்கு அவசரம் வேண்டாம். எடை ஏறினால் பலருக்கு இடுக்கு தானாக விரியும். ஒரே வேளையாகக் கொடுக்காமல், அரிசியும்பருப்பும் சோற்றைக் குழைய வேகவைத்து, தயிர், முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். சாப்பிட்டதும் இடதுபக்கம் சாய்ந்து படுக்கட்டும். "சர்க்கரைக்குச் சோறே ஆகாது" என்று பட்டினி போடச் சொல்லும் சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்! இதுவும் உள்ளே தங்காவிட்டால், மூக்கு வழியாகக் குழாயை, குடல் நசுங்கிய இடத்தைத் தாண்டி இறக்கி உணவு கொடுப்பார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் குடலுக்கு மாற்றுவழி போடும் ஆபரேஷன்.

என் கவலை இன்சுலின்தான். ஊசி போட்டபின் சாப்பிட்டதை வாந்தி எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். சாப்பாட்டுக்கான ஊசியின் அளவையும் நேரத்தையும் உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதற்காக நீங்களாக இன்சுலினை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். பசி குறைக்கும், எடை குறைக்கும் சர்க்கரை மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.