கேள்வி–பதில்: மரத்தில் ஒரு பாய்மரக் கப்பல்

பழைய பாய்மரக் கப்பல்களின் மாதிரிகளை மரத்தில் கட்டுவது பற்றி வந்த கடிதங்களுள் ஐந்துக்கு இம்முறை பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, மரவேலையில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. டிரஃபால்கர் போரில் நெல்சன் ஏறியிருந்த விக்டரி கப்பலைக் கட்ட வேண்டுமென்பது நெடுநாள் ஆசை. அதையே முதல் மாதிரியாக எடுத்துக்கொள்ளலாமா?

ஆசையை விட்டுவிடாதீர்கள், ஆனால் முதல் மாதிரியாக அது வேண்டாம். 1765-இல் நீரில் இறக்கப்பட்ட விக்டரி 104 பீரங்கிகளைத் தாங்கிய கப்பல். வேலை கடினம் என்பதைவிட, ஒரே வேலையை நூறு தடவை ஒரே தரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது என்பதே அதன் உண்மையான சோதனை. பீரங்கிச் சாளரங்களின் வரிசையில் பத்தாவது சாளரம் அரை மில்லிமீட்டர் இறங்கிவிட்டாலும் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும். ஒன்று அல்லது இரண்டு பாய்மரங்கள் கொண்ட ஒரு சிறு கப்பலை முதலில் முடித்துவிட்டு வாருங்கள். பாகங்கள் வெட்டித் தரப்பட்ட ஆயத்தப் பெட்டியை வாங்கிக் கட்டுவது குறைவானது என்று சிலர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். பலகை வளைக்கவும் கயிறு கட்டவும் அந்தப் பெட்டி உங்களுக்குக் கற்றுத் தராது; அவற்றை எப்படியும் நீங்களேதான் கற்க வேண்டும்.

கேள்வி: மாதிரிகளின் அளவு விகிதங்கள் 1:48, 1:64, 1:96 என்றே இருக்கின்றனவே, ஏன்? 1:50, 1:100 என்று வைத்தால் கணக்கு எளிதாக இருக்குமல்லவா?

அந்தக் கப்பல்கள் அடியிலும் அங்குலத்திலும் வரையப்பட்டவை. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வரைந்தால் 1:48 வரும். மூன்று வீசம், அதாவது 3/16 அங்குலம் என்றால் 1:64. அரைக்கால் அங்குலம் என்றால் 1:96. பழைய வரைபடத்தின் அருகில் அடிக்கோலை வைத்தே அளவெடுக்க முடிவதால், எண்கள் விசித்திரமாகத் தெரிந்தாலும் வேலை செய்பவனுக்கு அவைதான் எளிது. விக்டரியின் பீரங்கித் தளம் 186 அடி நீளம். 1:48-இல் அது மட்டுமே 118 செ.மீ. ஆகிவிடும், 1:96-இல் 59 செ.மீ.தான். வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கூடவே ஒரு சிறு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த விகிதத்தில் கட்டுகிறீர்களோ அந்த விகிதத்தில் ஒரு மனித உருவத்தைக் கம்பியிலோ அட்டையிலோ செய்து மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். 1:64-இல் ஆறடி மனிதன் 28.6 மி.மீ. உயரம் இருப்பான். அவனைத் தளத்தில் நிறுத்திப் பார்த்தால் கைப்பிடிச் சுவர் அவன் தலைக்கு மேல் போகிறதா, படிக்கட்டில் அவனால் கால் வைக்க முடியுமா என்பதெல்லாம் உடனே தெரிந்துவிடும். அளவுகோல் காட்டாத பிழைகளை அந்தச் சிறு உருவம் பலமுறை எனக்குக் காட்டியிருக்கிறது.

கேள்வி: குறுக்குச் சட்டங்களின் மேல் 5 மி.மீ. அகலப் பலகைப் பட்டிகளை ஒட்டி வருகிறேன். நடுப்பகுதியில் அழகாக அமைகின்றன. அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, நெருங்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, ஓரம் தூக்கிக்கொள்கிறது. ஒட்டி முடித்த சில நாட்களில் நடுவிலும் இடைவெளிகள் தெரிகின்றன. என்ன பிழை செய்கிறேன்?

உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

கப்பலின் வயிறு அகன்றது, அணியம் குறுகியது. நடுச்சட்டத்தில் ஏராவிலிருந்து (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) மேல்விளிம்பு வரை ஒரு காகித நாடாவை வளைத்து அளந்து பாருங்கள். அது 120 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 24 பலகைகள் வேண்டும். அதே 24 பலகைகளும் அணியத்துக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். அங்கே இருக்கும் இடமோ 72 மி.மீ. மட்டுமே. ஆகவே ஒவ்வொரு பலகையும் முனையில் 3 மி.மீ. அகலத்துக்குச் சீவப்பட வேண்டும். சீவாமல் ஒட்டினால் அது போக இடமின்றி அண்டைப் பலகையின் மேல் ஏறத்தான் செய்யும். முழு அகலப் பட்டியை விரலால் பக்கவாட்டில் வளைத்துப் பணியவைக்க முயல்வதால்தான் ஓரம் தூக்குகிறது. மரப்பட்டி தட்டையான பக்கத்தில் வளையும், முறுக்கத்துக்கும் ஓரளவு இணங்கும். ஓரத்தின் வாக்கில் மட்டும் எளிதில் வளையாது. உண்மையான கப்பலைக் கட்டிய தச்சர்களும் இதே காரணத்தால்தான் ஒவ்வொரு பலகையின் அகலத்தையும் இடத்துக்கு இடம் கணக்கிட்டு அறுத்தார்கள்.

சீவுவதற்கும் எல்லை உண்டு. கணக்கில் வரும் முனை அகலம் பலகையின் முழு அகலத்தில் பாதிக்கும் குறைவாக, உங்கள் பட்டிக்கு 2.5 மி.மீ.க்குக் கீழ், இறங்கினால் இன்னும் மெல்லியதாகச் சீவாதீர்கள். கூர்முனையில் ஆணி நிற்காது, நீரும் புகும் என்பதால் அக்காலத் தச்சர்கள் இரண்டு பலகைகளை முடித்து அவற்றின் இடத்தில் ஒரே அகன்ற பலகையைத் தொடர்ந்தார்கள். நீங்களும் அதையே செய்யலாம். பின்புறத்தில் நிலைமை நேர்மாறு: அங்கே இடம் கூடிப் பலகை போதாமல் போகும், இடையில் ஓர் ஆப்புப் பலகையைச் செருக வேண்டிவரும்.

சில நாட்கள் கழித்துத் தோன்றும் இடைவெளி ஈரத்தின் வேலை. ஊறவைத்து வளைத்த பட்டியை ஈரமாகவே ஒட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊறிய மரம் அகலவாக்கில் பருத்திருக்கும், காய்ந்தபின் சுருங்கும். ஆகவே ஊறிய பட்டியை அதன் இடத்தில் பிடிப்பான் போட்டு வளைத்து, ஓர் இரவு முழுவதும் காயவிட்டு, எடுத்து, சீவி, அதன்பிறகு ஒட்டுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. பலர் அதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் மிகுந்த அக்கறை. குறுக்குச் சட்டங்களின் விளிம்புகள் வெட்டும்போது நேர்கோணத்தில் இருக்கும், கப்பலின் உடலோ சாய்ந்து வளைந்து செல்லும். முன்னும் பின்னும் உள்ள சட்டங்களின் விளிம்பை அந்தச் சாய்வுக்கு ஏற்பத் தேய்க்காவிட்டால் பலகை ஒரு கூர்முனையில் மட்டும் அமரும். நீளமான கட்டையில் உப்புத்தாளை ஒட்டி, ஒரே சமயத்தில் மூன்று சட்டங்களையாவது தொடும்படி தேய்க்க வேண்டும். விரலில் சுற்றித் தேய்த்தால் பள்ளம் விழும். பிறகு ஒரு மெல்லிய பட்டியை முன்னிருந்து பின்வரை வளைத்து வைத்துப் பக்கவாட்டில் விளக்கைப் பிடியுங்கள். ஏதாவது ஒரு சட்டத்துக்கும் பட்டிக்கும் இடையே வெளிச்சம் கசிந்தால் அங்கே மரத்தூளும் பசையும் போதாது, மெல்லிய மரச்சீவல் ஒட்டி மீண்டும் தேய்க்க வேண்டும். இரண்டு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

இன்னொன்று. இரு பக்கங்களிலும் மாறி மாறிப் பலகை ஏற்றுங்கள். என் முதல் மாதிரியில் வலப்பக்கம் முழுவதையும் முடித்த பிறகே இடப்பக்கத்தைத் தொட்டேன். சமதளக் கண்ணாடியின் மேல் நிறுத்திப் பார்த்தபோது ஏரா வில்போல ஒரு பக்கமாக வளைந்திருந்தது. வளைந்த பலகைகளின் இழுப்பு முழுவதும் ஒரு பக்கத்திலேயே சேர்ந்துவிட்டதால் வந்த வினை அது. அதற்கப்புறம் எவ்வளவு முயன்றும் நிமிர்த்த முடியவில்லை.

கேள்வி: கயிறுகளின் தடிமனை எப்படித் தீர்மானிப்பது? பழைய அட்டவணையில் 9 அங்குலக் கயிறு என்றிருக்கிறது. 1:64-இல் கணக்கிட்டால் மூன்றரை மில்லிமீட்டர் வருகிறது, பார்க்கவே பயமாக இருக்கிறது.

உங்கள் கண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பழைய கடற்படை அட்டவணைகளில் கயிற்றின் அளவு என்பது அதன் சுற்றளவு, விட்டம் அன்று. 9 அங்குலத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் ஏறத்தாழ 73 மி.மீ.; 1:64-இல் அது 1.14 மி.மீ. நூல்.

நிறத்திலும் ஒரு காரணம் உண்டு. பாய்மரத்தை நிலையாக இழுத்துப் பிடிக்கும் கயிறுகள் மழையிலும் உப்புக்காற்றிலும் அவிழ்க்கப்படாமல் கிடப்பவை என்பதால் தார் பூசப்பட்டுக் கரும்பழுப்பாக இருக்கும். பாயையும், பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பான பருமலையும் ஏற்றி இறக்கும் கயிறுகள் கப்பிக்குள் ஓட வேண்டியவை. அவை வெளிர்நிறத்தில் இருக்கட்டும்.

மாலுமி ஏறும் படிக்கயிறுகளின் இடைவெளி ஏறத்தாழ 38 செ.மீ., 1:64-இல் 6 மி.மீ. கோடு போட்ட காகிதத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டுங்கள். ஒவ்வொரு முடிச்சையும் சற்றே இறுக்கினால் போதும், இழுக்கக் கூடாது. ஒவ்வொரு படியிலும் கால் மில்லிமீட்டர் இழுத்தாலே வெளிக்கயிறுகள் இரண்டும் உள்வாங்கி ஏணி நடுவில் இடுப்புச் சிறுத்துப் போகும்.

கேள்வி: நான் வாசா கப்பலைக் கட்டுகிறேன். பின்புறச் சிற்பங்களின் பின்னணிக்கு நீலம் அடிப்பதா, சிவப்பு அடிப்பதா? இரண்டு விதமான படங்களையும் பார்க்கிறேன்.

சிவப்பு. 1628-இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய வாசா, 1961-இல் மேலே கொண்டுவரப்பட்டபோது அதன் வண்ணங்கள் அனேகமாக முழுவதும் போய்விட்டிருந்தன. அரச கப்பல் என்பதால் நீலப் பின்னணியில் பொன்வேலை இருந்திருக்கும் என்று நெடுங்காலம் கருதினார்கள். அப்படிக் கருதிய காலத்து மாதிரிகளும் படங்களும்தான் உங்களைக் குழப்புகின்றன. பின்னர் மரத்தின் துளைகளில் எஞ்சியிருந்த நிறமித் துணுக்குகளை ஆராய்ந்தபோது பின்னணி சிவப்பு என்றும், சிற்பங்கள் இயற்கை நிறங்களில் பளிச்சென்று தீட்டப்பட்டிருந்தன என்றும் தெரிந்தது. ஸ்டாக்ஹோமில் உள்ள வாசா அருங்காட்சியகத்தில் அந்தக் கப்பலுக்கு எதிரே நிற்கும் 1:10 மாதிரி இந்த வண்ணங்களில்தான் இருக்கிறது. அதன் தெளிவான ஒளிப்படம் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு தீட்டுங்கள். முதலில் ஓர் உபரிச் சிற்பத்தில் தீட்டிப் பாருங்கள். சிறு உருவத்தில் அசல் வண்ணம் கண்ணைக் குத்தும், ஒரு துளி சாம்பல்நிறம் கலந்து தணித்துக்கொள்ளலாம்.