ஐசியூ நர்ஸ்களின் வேலை அழுத்தம்: காரைக்குடி வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

புதுவயல்: அக்கா, வீட்டுக்கு வந்தாலும் மானிட்டர் சத்தம் காதை விட்டுப் போகல. எது நிஜ அலாரம், எது சும்மான்னே தெரியல.

சும்மா அடிப்பதுதான் அதிகம். அதனாலேயே நிஜமாக அடிக்கும்போதும் கால் மெதுவாகத்தான் நகரும். இதற்கு யோகா வகுப்பு வைத்துப் பயனில்லை, நோயாளியின் மார்பில் ஒட்டும் எலக்ட்ரோடைப் பாருங்கள். ஜெல் காய்ந்தாலோ, வியர்வையில் ஓரம் கிளம்பினாலோ அலை உதறி வி.டி. (உயிருக்கு ஆபத்தான வேக இதயத்துடிப்பு) மாதிரி காட்டும். நம்மூர்ச் சித்திரை வெயிலில், ஏசி இழுக்காத வார்டில் சொல்லவே வேண்டாம். தினமும் உடம்பு துடைக்கும்போதே மாற்றிவிடுங்கள். தோலுக்கு ஸ்பிரிட் வேண்டாம், வறண்டுவிடும். சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஈரம் போனபின் ஒட்டுங்கள்.

அடுத்தது அலாரம் லிமிட். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்கு டாக்டர் வைத்த சாச்சுரேஷன், அதாவது ரத்த ஆக்சிஜன் இலக்கே 88–92 என்றால், லோ லிமிட் 90-ல் கிடந்தால் விடிய விடியக் கத்தத்தான் செய்யும். ஷிஃப்ட் எடுத்ததும் டாக்டரைக் கேட்டு ஆளுக்கு ஏற்றபடி மாற்றுங்கள். பிபி கஃப் கட்டிய கையிலேயே ஆக்சிஜன் பார்க்கும் விரல் புரோப்பை மாட்டினால், கஃப் இறுகும்போதெல்லாம் அலறும். மறு கைக்கு மாற்றுங்கள். எரிச்சலில் அலாரத்தை மொத்தமாக அணைப்பது மட்டும் கூடவே கூடாது.

கண்டனூர்: சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து மகன், மருமகள், பேரன்னு ஆளாளுக்குப் போன். எடுக்கலைன்னா இங்க இருக்கிற அட்டெண்டர் சண்டைக்கு வர்றார்.

நம்ம பக்கத்தில் இது தீராத பாடு. அட்மிஷன் அன்றே குடும்பத்தார் ஒருவரைச் சொல்லட்டும். அவர் பெயரையும் நம்பரையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். பேச ஒரு நேரம் குறியுங்கள். இங்கே மாலை 5 என்றால் சிங்கப்பூரில் இரவு 7.30, அவர்களும் வேலை முடித்திருப்பார்கள். “ஆச்சிக்கு இப்ப காய்ச்சல் இல்ல, தூங்குறாங்க” என்பது வரை நீங்கள் சொல்லலாம். பிழைப்பாரா என்ற கேள்வி டாக்டருக்கு உரியது. கை ஓங்கினால் வாதாட நிற்காமல் செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஜாமீனில் வர முடியாத குற்றம்.

கோட்டையூர்: பர்ன்-அவுட், அதான் வேலை அழுத்தத்துல ஆளே சோர்ந்து போறது, ஒரு நோயா?

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 அதை வேலை சார்ந்த நிலை என்றுதான் சொல்கிறது. ஆனால் தூக்கமின்மையும் அழுகையும் எதிலும் பிடிப்பில்லாமையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மனநல டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

தேவகோட்டை: வென்டிலேட்டர்ல மூணு பேர். நான் ஒருத்தி.

ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். தேதி, நேரம், எத்தனை நோயாளி, எந்த வேலை எவ்வளவு தாமதம் என்று நாலு வரி எழுதி இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். யாரையும் குறை சொல்லி எழுதாதீர்கள், எண்கள் போதும்.

அன்றைய ஷிஃப்டுக்கு, முந்தின ஷிஃப்ட் நர்ஸிடமிருந்து ஹேண்ட்ஓவரைப் படுக்கையருகே நின்றே வாங்குங்கள். மூச்சு ட்யூப் எத்தனை சென்டிமீட்டரில் கட்டியிருக்கிறது, சளி உறிஞ்சும் சக்ஷன் இழுக்கிறதா, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை கைக்கெட்டுமா, பிபியைத் தாங்கும் நார்அட்ரினலின் மருந்து எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். மணிக்கு 5 மில்லி ஓட்டத்தில் 10 மில்லி இருந்தால் இரண்டு மணி நேரம்தான். தீர அரை மணி இருக்கும்போதே அடுத்த சிரிஞ்ச் லேபிளோடு தயாராக இருக்கட்டும். அந்த மருந்து நின்றால் சில நிமிடத்திலேயே பிபி சரியும். அந்தப் பதற்றம் ஷிஃப்ட் முடியும்வரை கையை விடாது.

பள்ளத்தூர்: நைட் முடிஞ்சு வந்தா தூக்கமே வரல.

நைட் ஷிஃப்டில் விடியற்காலை மூன்று மணிக்குமேல் காபி, டீ வேண்டாம். கஃபீன் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும். இடைவேளையில் 20 நிமிடம் கண்ணயரலாம், நீண்டால் எழுந்தபின் மந்தம் தட்டும். வளவு வீடு என்றால் பகலெல்லாம் முற்றத்தில் வெளிச்சமும் பேச்சும் இருக்கும். ஜன்னல் இல்லாத உள்ளறையில் படுங்கள். கண் சொக்கும்போது ஸ்கூட்டரை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறுங்கள்.