மே மாசம் களனி கங்கையில மீன் படலையா? காலண்டரை விட்டுட்டு தண்ணியைப் பாருங்க

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணே, மார்ச்ல புது தூண்டில் ராட் ஒன்று வாங்கினேன். வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் வசந்தகாலம் முடியிற நேரம், மே மாசம்தான் ஆத்து மீனுக்கு பெஸ்ட் என்று சொல்றாங்க. மூணு சனிக்கிழமை கடுவெல பக்கம் போய் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் லூர் (செயற்கை இரை) போட்டேன், தண்ணி பால்தேத்தண்ணி கலர், ஒரு மீன் கூட தட்டிப் பார்க்கல. நான் என்ன பிழை விடுறேன்? 10 வயசு மகனும் வரணும் என்று அடம்பிடிக்கிறான், கூட்டிட்டுப் போகலாமா?"

தம்பி, ராட் பிடிக்கத் தெரியாததால வந்த பிரச்சினை இல்லை இது. நீங்க பார்த்த வீடியோ எல்லாம் குளிர் நாட்டு ஆறுகளுக்கு சொன்னது. அங்க குளிர்காலம் முழுக்க தண்ணி சில்லென்று கிடக்கும், மீன் அசையாம அடியில கிடக்கும், ஏப்ரல் மே வரும்போது தண்ணி சூடாகி மீனுக்கு பசி வரும், கரைக்கு வரும், அதனால அவங்க தேர்மோமீட்டரை வச்சுக்கொண்டு ஆத்துக்குப் போறாங்க. நம்ம களனி கங்கை கடுவெல, ஹங்வெல்ல பக்கம் வருஷம் முழுக்க வெதுவெதுப்பாத்தான் ஓடுது, மீன் எந்த மாசமும் தூங்குறதில்லை. இங்க மீனை ஆட்டி வைக்கிறது மழைதான். மார்ச் ஏப்ரல்ல பின்னேரம் இடியோட பெய்யிற மழை, பிறகு மே நடுப்பகுதியில இருந்து தென்மேல் பருவமழை, ரெண்டும் ஒன்றுக்குப் பின்னால ஒன்றா வர்ற இடைவெளியிலதான் நீங்க போய் நின்றிருக்கீங்க.

இன்னொன்று, கொழும்பு வானத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. களனி கங்கை சிவனொளிபாத மலைப் பக்கத்துல இருந்து கிட்டத்தட்ட 145 கிலோமீட்டர் ஓடி மட்டக்குளியில கடல்ல விழுது, அது பிறக்கிற மலைப்பக்கம் நாட்டுலயே கூட மழை விழுற இடம். வெள்ளவத்தையில நல்ல வெயில் அடிக்கும், தெரணியகலயில ராத்திரி முழுக்க கொட்டியிருக்கும், அந்த தண்ணி சீதாவக்கை கங்கையில இறங்கி அவிசாவளையில களனியோட சேர்ந்து நீங்க ராட்டோட வந்து நிற்கிற நேரம் பார்த்து கடுவெலக்கு வந்து சேரும். எனக்கும் ஆரம்பத்துல இது விளங்கல, வெயில் அடிக்குது ஆறு ஏன் கலங்கியிருக்கு என்று எத்தனையோ காலை யோசிச்சு நின்றிருக்கேன்.

அதனால வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு வேலை செய்யுங்க. நீர்ப்பாசனத் திணைக்களம் ஆறுகளுட நீர்மட்டத்தை அட்டவணையா போடுறாங்க, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துட தளத்துலயும் அது வரும். களனிக்கு நோர்வூட், கித்துல்கல, தெரணியகல, கிளென்கோர்ஸ், ஹொலம்புவ, ஹங்வெல்ல, நாகலகம் வீதி என்று மேல இருந்து கீழ வரைக்கும் அளவீட்டு இடங்கள் இருக்கு. நம்பர் எவ்வளவு என்றதை விட பக்கத்துல ஏறுதா இறங்குதா என்று போட்டிருக்கிற நிரலைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். கித்துல்கலயும் தெரணியகலயும் ஏறுது, ஹங்வெல்ல இன்னும் சாதாரணம் என்று இருந்தா, அந்த தண்ணி இன்னும் வந்து சேரல என்று அர்த்தம், விடியப் போறது வீண். மேல எல்லாம் இறங்குது, ஹங்வெல்லயும் இறங்கத் தொடங்கிட்டுது என்றா, அலார்ம் வச்சிட்டு படுங்க.

ஏன் இறங்குற தண்ணி என்று கேட்பீங்க. ஆறு ஏறத் தொடங்கும்போது முதல்ல வர்றது கான் தண்ணி, தோட்டத்து மண், சருகு, குப்பை. அந்த முதல் ஒன்று ரெண்டு மணித்தியாலம் கெளுத்தி மாதிரி மூக்கால சாப்பாடு தேடுற மீன் நல்லா எடுக்கும், ஏனென்றா கரையில இருந்த மண்புழுவும் பூச்சியும் தண்ணிக்குள்ள வருது. பிறகு தண்ணி உச்சத்துல வேகமா ஓடும்போது மீன் நடு ஆத்துல நின்று சண்டை பிடிக்காது, தண்ணி மூடின புல்லுக்குள்ள, மூங்கில் அடியில, வயல் ஓடைக்குள்ள போய் ஒதுங்கிடும், அப்போ நீங்க நடு ஆத்துல லூர் இழுத்தா காலி தண்ணியைத்தான் இழுக்கிறீங்க, உங்களுட மூணு சனிக்கிழமையும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். தண்ணி இறங்கத் தொடங்கினதும் புல்லுக்குள்ள போன மீன் எல்லாம் திரும்பி வரணும், வயல்லயும் சதுப்புலயும் நிறைஞ்ச தண்ணி சின்ன ஓடை வழியா ஆத்துக்கு வடியும், அந்த வடியிற வாயில சின்ன மீன், புழு, இறால் எல்லாம் வரிசையா வந்து விழும், பெரிய மீன் அங்க வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மே மாசத்துல எனக்கு கிடைச்ச நல்ல மீன்ல முக்கால்வாசி இந்த வடியிற வாய்களுக்கு பத்து அடிக்குள்ள பட்டதுதான்.

ஆத்தங்கரைக்கு வந்ததும் ராட்டை பூட்ட முதல் ரெண்டு சின்ன வேலை. ஒரு குச்சியை தண்ணி தொடுற விளிம்புல நட்டு வைங்க, அரை மணித்தியாலம் கழிச்சு பாருங்க, குச்சி தண்ணிக்குள்ள போயிருந்தா ஏறுது, ஈர மண்ணுல தனியா நின்றா இறங்குது. அடுத்தது ஒரு வெள்ளை யோகட் கப்புக்குள்ள கல்லு போட்டு நூல்ல கட்டி இறக்குங்க. ஒரு சாண் இறங்க முதல் மறைஞ்சிட்டா லூரை பேக்குக்குள்ளயே வைங்க, மீனுக்கு அது தெரியாது, மணக்கிற இரைதான் வேலை செய்யும். ஒரு முழம் வரைக்கும் வெள்ளை தெரிஞ்சா லூர் போடலாம், தக்கை போட்டு திலாப்பியாவும் பிடிக்கலாம். ரெண்டுக்கும் நடுவுல இருந்தா மண்புழுவோட தொடங்கி, வெயில் ஏறி தண்ணி கொஞ்சம் தெளிய லூருக்கு மாறுறதுதான் என்னுட வழக்கம்.

இரை விஷயத்துல ஆட்கள் தேவையில்லாம காசு செலவழிக்கிறாங்க. கலங்கின தண்ணிக்கு மண்புழுவை விட நல்லது எனக்குத் தெரியாது, ஒன்றை மட்டும் கோர்க்காம மூணு நாலை ஒன்றா கோர்த்து வால் ஆடுற மாதிரி விடுங்க. கெளுத்திக்கு கோழி ஈரல் துண்டும் சரி, ஆனா எறியும்போது கழண்டு போகும், தையல் நூலால ரெண்டு சுத்து சுத்தினா நிற்கும். ஈயம் அடியில கிடந்து நூல் அதுக்குள்ளால ஓடுற மாதிரி கட்டுங்க, மீன் இழுக்கும்போது பாரம் தெரியக் கூடாது, வேகத்துக்கு உருளாத தட்டையான ஈயம் நல்லது. திலாப்பியாவுக்கு 8ஆம் நம்பர் தூண்டில் முள்ளு, மெல்லிய நூல், பாணை நனைச்சு பிசைஞ்சு கொஞ்சம் கோதுமை மா சேர்த்த உருண்டை போதும். தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் பிசைஞ்சு ஒரு பிடி எறிஞ்சா மீன் கூடும், ஆனா ஒரு பிடிதான், அள்ளி அள்ளி கொட்டினா மீன் வயிறு நிறைஞ்சு போயிடும்.

திலாப்பியா 1952ல நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்த மீன், இப்ப ஆறு குளம் எல்லாத்துலயும் இருக்கு, அது எவ்வளவு பட்டாலும் எனக்கு மனசு கஷ்டப்படாது. ஆழமில்லாத கரையில வட்டமா சின்ன கிண்ணம் கிண்ணமா குழி தெரிஞ்சா அது ஆண் மீன் தோண்டின கூடு, அதுக்குப் பக்கத்துல போடுங்க. முட்டையும் குஞ்சும் வாய்க்குள்ள வச்சிருக்கிற பெண் மீன் இரை எடுக்காது, அதனால மீன் கண்ணுக்குத் தெரியுது ஆனா கடிக்குதில்லை என்று சில நாள் குழம்புவீங்க.

விரால் விஷயம் வேற, இதை எல்லாரும் கவனமா கேட்கணும் என்று ஆசைப்படுறேன். சிங்களத்துல லூலா என்று சொல்ற அந்த மீன் மழையோட இனப்பெருக்கம் செய்யும், ஓரத்து புல்லுக்குள்ள சிவப்பும் ஆரஞ்சுமா பொடிக்குஞ்சு பந்து மாதிரி சுழன்றுகொண்டு மேல வந்து வந்து போகும், அதுக்குக் கீழ தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த பந்துக்கு நடுவுல தவளை லூர் போட்டா காவல் நிற்கிற மீன் கோபத்துல பாய்ஞ்சு கட்டாயம் கடிக்கும், அவ்வளவு சுகமா பிடிக்கலாம், அதனாலதான் தயவு செஞ்சு போடாதீங்க. தாயைத் தூக்கினா மற்ற மீன் வந்து குஞ்சைத் தின்றிடும், ஒரு மீன் பிடிச்ச சந்தோஷத்துல நூற்றுக்கணக்கில அழிச்சிட்டு வாறோம். குஞ்சு இல்லாத இடத்துல, விரால் காற்று எடுக்க மேல வந்து ஒரு சின்ன மூச்சு விட்டு வட்டம் போடுறதைப் பார்த்து, அந்த வட்டத்துக்கு ரெண்டு அடி முன்னால போட்டுப் பிடிங்க, அதுல திறமையும் இருக்கு. அதே மாதிரி ஹங்வெல்லக்கு மேல சின்ன ஓயாக்கள்ல (கிளையாறுகள்ல) கையளவு அழகான கெண்டை மீன்கள் படும், நம்ம நாட்டை விட்டா உலகத்துல வேற எங்கயும் இல்லாத இனமும் அதுக்குள்ள இருக்கு, கையை நனைச்சு முள்ளைக் கழட்டி உடனே விட்டுடுங்க.

மட்டக்குளி, சேதவத்தை பக்கம் போறதென்றா கடல் தண்ணி ஏறி இறங்குறதையும் பார்க்கணும், நம்ம பக்கம் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டர் கூட வராது, ஆனாலும் தண்ணி திரும்புற நேரத்துல கொடுவா மீன் வரும். மே மழையில ஆத்துத் தண்ணி கடலைத் தள்ளிக்கொண்டு போறதால அந்த மீன் இன்னும் ஆத்து வாய்க்குக் கிட்ட போயிடும், அந்த வேட்டையை மழை குறைஞ்ச மாசத்துக்கு வச்சுக்கொள்ளுங்க.

நேரம் என்று பார்த்தா விடிய அஞ்சரைக்கு தூண்டில் தண்ணியில இருக்கணும், ஒன்பது மணிக்கு சுருட்டிடலாம். தண்ணி சூடானா கரைஞ்சிருக்கிற ஒட்சிசன் குறையும், மீன் சோம்பும். பின்னேர வேட்டை நல்லாத்தான் இருக்கும், ஆனா இடி இந்த சீசன்ல பின்னேரம்தான் வருது, கார்பன் ராட் மின்சாரம் கடத்தும், தூரத்துல முழக்கம் கேட்ட உடனே ராட்டை கீழ படுக்க வச்சிட்டு ஒரு கட்டிடத்துக்குள்ள போங்க, மரத்தடிக்குப் போகாதீங்க.

கீழ் களனியில தண்ணிக்குள்ள இறங்கவே இறங்காதீங்க. வருஷக்கணக்கா மணல் அள்ளி அடி முழுக்க குழி, முழங்கால் தண்ணியில ஒரு அடி எடுத்து வச்சா அடுத்த அடிக்கு நிலம் இருக்காது, கலங்கின தண்ணியில அது கண்ணுக்கும் தெரியாது. மேல கித்துல்கல பக்கம் மின்நிலையம் தண்ணி திறந்தா வெயில்லயே மட்டம் ஏறும், பாறையில நின்று பிடிக்கிறவங்க இதை மறக்கக் கூடாது. 2016 மே மாசம் இந்த ஆறு கடுவெல, கொலன்னாவ பக்கம் வீடுகளுக்குள்ள வந்ததை பார்த்த யாரும் இந்த மாசத்து களனியை சும்மா ஆறு என்று நினைக்க மாட்டாங்க. வெள்ள எச்சரிக்கை இருந்தா போகவே வேணாம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துட 117க்கு எடுத்தாலும் நிலைமை சொல்லுவாங்க.

கால்ல கையில காயம் இருந்தா மூடிட்டுப் போங்க, மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பயம் உண்மையானது, போய் வந்து ரெண்டு மூணு கிழமைக்குள்ள காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா டாக்டர்கிட்ட ஆத்துக்குப் போனேன் என்று கட்டாயம் சொல்லுங்க. கெளுத்தியுட முதுகு முள்ளும் பக்க முள்ளும் குத்தும், தேளி மீன் குத்தினா வலி தாங்க முடியாது, தாங்கக்கூடிய சூட்டுல சுடுதண்ணியில அரை மணித்தியாலத்துக்கு மேல கையை வச்சா வலி குறையும், பிறகும் வீங்கினா ஆஸ்பத்திரிக்குப் போங்க. பேலியகொடக்குக் கீழ, கான் விழுற இடத்துல பிடிச்ச மீனை நான் வீட்டுக்குக் கொண்டு போறதில்லை, ஹங்வெல்லக்கு மேல பட்ட திலாப்பியா என்றா நல்லா மிளகு போட்டு குழம்பு வைப்போம். அம்பத்தலேயில நம்ம குடிக்கிற தண்ணி எடுக்கிறாங்க, அந்தப் பக்கம் குப்பை, நூல், ஈயம் ஒன்றும் விடாதீங்க. வெசாக் நாள்ல ராட்டோட போகாதீங்க, களனி விகாரைக்குப் பக்கத்துல எந்த நாளும் போடாதீங்க, அக்கம்பக்கத்து சனத்துட மனசு நோகக் கூடாது.

இனி மகனைப் பற்றி. பிள்ளை ஆசைப்படுறதை நினைக்கவே சந்தோஷமா இருக்கு, ஆனா இந்த மாசம் ஆத்துக்கு வேணாம் தம்பி. பத்து வயசுக்கு மீன் பட்டா முன்னால ஓடத்தான் தெரியும், மே மாசத்து கரை மண் வழுக்கும், கீழ நான் சொன்ன குழி இருக்கு. இப்ப வீட்டுல முடிச்சு போடப் பழக்குங்க, மொட்டை மாடியில முள்ளு இல்லாத ஈயத்தை ஒரு வாளிக்குள்ள விழுற மாதிரி எறியப் பழக்குங்க. ஜனவரி கடைசியில இருந்து மார்ச் நடு வரைக்கும் ஆறு வற்றி தெளிஞ்சு கிடக்கும், அப்போ அவனுட சைஸுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் போட்டு ஹங்வெல்ல பக்கம் ஓட்டம் இல்லாத ஒரு கரையில, ஒரு தக்கையும் ஒரு துண்டு பாணும் கொடுத்து உட்கார வைங்க. உங்க ராட்டை அன்றைக்கு வீட்டுலயே வச்சிட்டுப் போங்க, ரெண்டு கண்ணும் அவன் மேலதான் இருக்கணும்.