சவுண்டல் மட்டும் தின்னும் ஆடுகளுக்கு முடி கொட்டினால்

வணக்கம் நண்பரே. ரெண்டு வாரமா வெறும் சவுண்டல் (சூபாபுல்) தழை போட்டதில் ஆடுகளுக்கு முடி கொத்தாக உதிர்வதாக எழுதியிருக்கிறீர்கள். தோலில் சொறி, அரிப்பு இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் தழையிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள்தான். கொழுந்தில் அது இன்னும் அதிகம். வயிற்றில் அது வேறொரு பொருளாக மாறி தைராய்டையும் கெடுக்கும். ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் அதைச் சிதைக்கும் பாக்டீரியா இருந்தது. 1980களில் அந்த பாக்டீரியாவை ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். உங்கள் ஆடுகளுக்கு அது இருக்குமென்று நம்பி இருக்காதீர்கள். இப்போதைக்கு சவுண்டலை அடியோடு நிறுத்திப் புல், சோளத்தட்டை போடுங்கள். முடி திரும்ப முளைக்கும். பிறகு மொத்தத் தீவனத்தில் 30 சதவீதத்துக்குள், வாடவைத்துக் கொடுங்கள். சினை ஆட்டுக்கு வேண்டவே வேண்டாம். கழுத்தில் வீக்கம் தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.